பழைய மொந்தையில் புதிய எஞ்சின்

மானேபஞ்சங் கடைத்தெருவில் சாலைக்கு ஒருபுறம் இந்தியா, மறுபுறம் நேபாளம். அக்டோபர் மாதக் காலை ஆறு மணிக்கு இரண்டு நாடுகளும் ஒரே பனிமூட்டத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. வரிசையாக நிற்கும் லேண்ட் ரோவர்கள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்புகின்றன. ஒன்று மட்டும் முனகுகிறது. சாவியைத் திருப்பினால் இரண்டு முறை இழுத்துவிட்டு 'டக்'கென்று நின்றுவிடுகிறது. ஏறி உட்கார்ந்த நான்கு பயணிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "குளிர்தான், வேறொன்றுமில்லை" என்று டிரைவர் சிரித்துச் சமாளிக்கிறார். மூன்று வாரமாக அவர் சொல்லிவரும் சமாதானம் அது. அவரே அதை நம்பவில்லை.

டார்ஜிலிங் மாவட்டத்தின் இந்த எல்லைக் கிராமத்திலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூ சிகரத்துக்கு 31 கிலோமீட்டர் மலைத்தடம் ஏறுகிறது. மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடம் அதுதான். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து காஞ்சன்ஜங்காவையும் எவரெஸ்டையும் பார்க்கலாம். அதைப் பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்வதுதான் இந்த ஊர் லேண்ட் ரோவர்களின் பிழைப்பு. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் 1950களில் கொண்டுவந்து, பின்னால் விட்டுச்சென்ற வண்டிகள் இவை என்பார்கள். அண்மை ஆண்டுகளில் பொலீரோக்களும் போட்டிக்கு வந்துவிட்டன. ஆனாலும் "கிழட்டு வண்டியில்தான் போவேன்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. துர்கா பூஜையை ஒட்டிய சில வாரங்கள்தான் சீசன். அந்தச் சமயத்தில் ஒரு வண்டி கடைத்தெருவில் முனகிக்கொண்டு நின்றால் ஒரு குடும்பத்தின் அரை வருட வருமானம் நிற்கிறது என்று பொருள்.

முனகும் வண்டியின் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது இங்கிலாந்து எஞ்சின் அல்ல. உதிரி பாகம் கிடைக்காமல் பழைய பெட்ரோல் எஞ்சின்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. இங்கு ஓடும் லேண்ட் ரோவர்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இன்று மஹிந்திராவின் டீசல் எஞ்சின்தான் துடிக்கிறது. இந்த டிரைவரின் அப்பா காலத்து வண்டியும் சீசனுக்குச் சற்று முன்னால் சிலிகுரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் எஞ்சின் மாற்றப்பட்டு வந்தது. எஞ்சினைத் தரையில் வைத்து ஓட்டிக் காட்டியபோது முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் ஏறியதும் அடம்பிடிக்கத் தொடங்கியது.

"எஞ்சின் வேலை என்னுடையது, முடித்துவிட்டேன். வயர் வேலை என்னுடையதல்ல" என்று மெக்கானிக் கைகழுவிவிட்டார். இந்தியாவின் எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கக்கூடிய வசனம்தான். எஞ்சின் ஒருவர் கையில், கியர்பெட்டி இன்னொருவர் கையில், வயரிங் மூன்றாமவர் கையில். இரண்டு கைகளுக்கு நடுவே விழும் வேலைக்கு யாரும் பொறுப்பில்லை. எஞ்சின் மாற்றிய வண்டியின் கோளாறுகளோ, சொல்லிவைத்தாற்போல, அந்த நடுவில்தான் விழுகின்றன.

டிரைவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பாட்டரியை மாற்றினார். இரண்டு நாள் வண்டி நன்றாகக் கிளம்பியது. மூன்றாம் நாள் பழைய கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்தார். அது நன்றாக இருப்பதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மீட்டர் முள் எந்நேரமும் 'டிஸ்சார்ஜ்' பக்கமே சாய்ந்திருந்ததால் ஆல்டர்னேட்டரையும் கழற்றி அனுப்பினார். அதிலும் குறையில்லை. மூன்று பொருள்களுக்குப் பணம் போயிற்று. கோளாறு போகவில்லை. கடைசியில் அவர் தேடிப்போனது சுக்கியாபோக்ரி பக்கத்தில் இருந்த ஒரு வயதான எலக்ட்ரீஷியனை.

அந்த மனிதர் கருவிப் பெட்டி எதையும் திறக்கவில்லை. "செல்ஃப் அடி, பாய்" என்றார். வண்டி முனகியது. "இன்னொரு முறை." இப்போது அவர் கை ஆக்ஸிலரேட்டர் கேபிளின் மேல் இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இங்கே தொட்டுப் பார்."

டிரைவர் தொட்டுப் பார்த்தார். கேபிளின் உறை சுட்டது. அந்தக் குளிரில், ஓடவே ஓடாத வண்டியில், வெறும் இழுகம்பி சுட வேண்டிய காரணம் அவருக்கு விளங்கவில்லை. "எஞ்சின் சூடா, தாஜு?" என்று கேட்டார். தாஜு என்றால் நேபாளியில் அண்ணன்.

"எஞ்சின் இன்னும் பற்றவே இல்லையே. செல்ஃபுக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி தேடுகிறது. நீங்கள் வழி விடவில்லை. அது இந்தக் கேபிள் வழியாக வருகிறது."

தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவில் கடித்து, மறுமுனையை எஞ்சினின் வெற்றிரும்பில் கடிக்கவிட்டார். "இப்போது அடி." எஞ்சின் ஒரே சுற்றில் பற்றிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். டிரைவர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புது பாட்டரியின் விலை அவர் கண்முன் வந்து நின்றிருக்கும்.

நடந்தது இதுதான். காரிலும் ஜீப்பிலும் பாட்டரியின் ஒரு முனையிலிருந்து மட்டுமே வயர் புறப்பட்டு எல்லாக் கருவிகளுக்கும் போகிறது. திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடலே. அதைத்தான் எர்த் என்கிறார்கள். ஆனால் எஞ்சின் நேரடியாகச் சேசிஸின் மேல் உட்காருவதில்லை. அதிர்வு தாங்கும் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்காருகிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் சேசிஸையும் இணைக்க ஒரு பின்னிய செம்புப் பட்டை வேண்டும். எஞ்சினை இறக்கும்போது கழற்றப்படும் பொருள்களில் மிக மலிவானது, அழுக்கேறியது, உதவாக்கரை போலத் தோற்றமளிப்பது அந்தப் பட்டைதான். பழைய எஞ்சினோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடுகிறது. புதிய எஞ்சின் மாட்டுகிறவருக்கு அதன் ஞாபகமே வருவதில்லை.

டீசல் எஞ்சினைச் சுற்றும்போது செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். 250 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 250ஐ 0.01ஆல் பெருக்கினால் இரண்டரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. மீதி ஒன்பதரை வோல்ட்டில், குளிரில் இறுகிய ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். முனகாமல் என்ன செய்யும்? பாட்டரியும் அந்தக் குளிரில் பலவீனம்தான். உறைநிலையை ஒட்டிய குளிரில் அது தன் இழுதிறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். புது பாட்டரி இரண்டு நாள் காப்பாற்றியதன் ரகசியமும் இதுவே. அடைத்த குழாயில் தண்ணீரை அதிக அழுத்தத்தில் தள்ளினால் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதனால் அடைப்பு நீங்கிவிட்டதாகிவிடாது.

ஒர்க்‌ஷாப்பில் எர்த்தைச் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள். மல்டிமீட்டரை வைத்து 'பீப்' சத்தம் கேட்டதும் "எர்த் சரி" என்று முடிவுகட்டினார்கள். பல ஓம் தடை இருந்தாலும் பீப் கேட்கும். மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஒரே ஒரு மயிரிழைக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும், சுமையில்லாதபோது மீட்டரில் முழுசாக 12 வோல்ட் தெரியும். அதே இழையில் 250 ஆம்பியரை ஏற்றினால் அது நொடியில் எரிந்துபோகும். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு, செல்ஃப் அடித்தபடியே வோல்ட்டைப் படிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அன்று அந்த வண்டியில் தெரிந்தது மூன்றுக்கும் மேல். பட்டை போட்டபின் 0.2.

ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மற்றவை பாக்கி இருந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள லேண்ட் ரோவரின் பிறப்பு வரை போக வேண்டும்.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இந்த வண்டி அறிமுகமானபோது இங்கிலாந்தில் இரும்புத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசிஸ் மட்டும் இரும்பு. துருப்பிடிக்காத அந்த உடல்தான் எழுபது வருட மழையிலும் இந்த வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எலக்ட்ரீஷியனுக்கு அதுவே தலைவலி. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் சந்திப்பில் வெள்ளைப் பொடி பூக்கிறது. அந்தப் பொடி மின்சாரத்துக்குச் சுவர். வண்டி குலுங்கும்போதெல்லாம் தலைவிளக்கு மங்கி எழுவதற்குப் பல்பு காரணமல்ல. விளக்கு மாட்டியிருக்கும் தகடுதான் காரணம். செங்குத்தான இறக்கத்தில், ஐந்தடிக்கு அப்பால் தெரியாத மூட்டத்தில், ஒரு வளைவின் நடுவே விளக்கு மங்கினால் என்ன ஆகும் என்பதை அந்தத் தடத்தில் ஒருமுறை போய்வந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். லேண்ட் ரோவர் 1967 வாக்கில்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. மஹிந்திரா எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டரோ நெகட்டிவ் எர்த்தை நம்பிப் பிறந்தது. அதனுள் இருக்கும் டயோடுகள் ஒருவழிக் கதவுகள். பாட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். சிலிகுரிக்காரர்கள் இதைச் சரியாகக் கவனித்துப் பாட்டரியைத் திருப்பிவிட்டார்கள். கூடவே அம்மீட்டரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டார்கள். விளைவு, பாட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஆகும்போது முள் 'டிஸ்சார்ஜ்' என்றது. தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் படித்துவிட்டு ஆரோக்கியமான ஆளுக்கு மருந்து கொடுத்த கதை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. நிலைமொழி தன்னளவில் சரியான சொல். வருமொழியும் சரியான சொல். இரண்டும் சேரும் இடத்தில்தான் விதி தேவைப்படுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் மூன்று விகாரங்களைச் சொல்கிறது. பழைய வண்டியோடு புதிய எஞ்சின் புணரும்போதும் இந்த மூன்றுக்கும் மூன்று பட்டியல் போட்டுவிட்டால் பாதிக் கோளாறு முன்கூட்டியே பிடிபட்டுவிடும்.

முதலில் தோன்றல். பழைய வண்டியில் இல்லாத எந்தெந்த இணைப்புகள் புதிதாக வேண்டும்? டீசல் பம்பை நிறுத்தும் சோலனாய்டு இருந்தால் அதற்குச் சாவி வழியாக ஒரு வயர். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினானால் அதற்குத் தனி ரிலேயும் தடித்த வயரும். நான்கு பிளக்குகள் சேர்ந்து பல பத்து ஆம்பியர் இழுக்கும். சாவி சுவிட்சின் வழியாகவே அதை ஓடவிட்டால் சுவிட்ச் உருகிவிடும். ஆல்டர்னேட்டரை உசுப்புவதற்கு டேஷ்போர்டில் ஒரு சார்ஜ் விளக்கு. வெறும் அலங்காரம் என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிறு பல்பின் வழியாகப் போகும் கரண்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் உயிர்ப்பு. பல்புக்குப் பதில் எல்இடி மாட்டினால் அந்த அளவு கரண்ட் போகாது; எஞ்சின் ஓடும், சார்ஜ் ஏறாது.

அடுத்து திரிதல். இருப்பதில் எவை மாற வேண்டும்? எர்த் மாறினால் அம்மீட்டரின் வயர்கள் இடம் மாறும். காந்தம் வைத்த சிறு மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுற்றும். அவற்றின் வயரையும் மாற்ற வேண்டும். பல்புகளுக்குக் கவலையில்லை. செல்ஃப் மோட்டார் எந்த எர்த்திலும் ஒரே திசையில்தான் சுற்றும். பழைய டைனமோ ஏறத்தாழ 20 ஆம்பியர் கொடுத்தது. வயரும் அம்மீட்டரும் அதற்கு ஏற்ற பருமனில் இருந்தன. புதிய ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுக்கும். அவ்வளவையும் அதே மெல்லிய வயரில், டேஷ்போர்டின் பின்னாலிருக்கும் அதே அம்மீட்டர் வழியாகச் செலுத்துவது, குடிசைக்குள் விறகடுப்பைப் பற்றவைப்பது போன்றது. ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கு நேராகத் தடித்த வயர் ஒன்று, நடுவே ஒரு ஃப்யூஸ், அம்மீட்டருக்குப் பதில் ஒரு வோல்ட்மீட்டர் என்று மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

கடைசியாகக் கெடுதல். எவை விலக வேண்டும்? டைனமோ போனால் அதன் கட்-அவுட் பெட்டியும் போக வேண்டும். பெட்ரோல் போனால் இக்னிஷன் காயிலுக்குப் போன வயர் அநாதை. அநாதை வயரை அப்படியே தொங்கவிடுவதுதான் பெருங்குற்றம். சாவி போட்டதும் அதில் உயிர் வரும். ஆட்டத்தில் எங்காவது உரசினால் அங்கே தீப்பொறி. அந்தக் கால லேண்ட் ரோவரில் ஃப்யூஸ் இரண்டே இரண்டு. தலைவிளக்குக்குக்கூட ஃப்யூஸ் கிடையாது. வயரின் மேலுறையோ ரப்பரும் பருத்தி நூலும். காலப்போக்கில் ரப்பர் பொரிந்து உதிர்கிறது. பழுப்பு என்றால் நேராகப் பாட்டரி, வெள்ளை என்றால் சாவி போட்டபின், பச்சை என்றால் சாவிக்கும் ஃப்யூஸுக்கும் அப்பால், கறுப்பு என்றால் எர்த் என்று லூகாஸ் கம்பெனியின் வண்ண ஒழுங்கு ஒன்று உண்டு. எழுபது ஆண்டு எண்ணெய்ப் புகைக்குப் பின் எல்லா நிறமும் ஒரே பழுப்பு. ஆகவே நிறத்தை நம்பக் கூடாது. கழற்றும் முன்பே ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்ட வேண்டும். இப்போது கையில் செல்போன் இருக்கிறது. நான்கு கோணத்தில் படமெடுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் பின்னால் ஐந்து நாளை மிச்சப்படுத்தும்.

அந்த எலக்ட்ரீஷியன் கைக்கொண்ட வரிசையையும் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் சந்தேகப்பட்ட பொருளிலிருந்து தொடங்கினார்கள். அவர் பாட்டரியிலிருந்து தொடங்கினார். நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருக்கிறதா? செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழே வெகுவாக இறங்குகிறதா? பாட்டரி சரி என்றால் திரும்பும் வழியான எர்த். அதுவும் சரி என்றால் போகும் வழி. அதற்குப் பிறகே சுவிட்சும் ரிலேயும். எல்லாம் முடிந்து எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8க்கும் 14.4க்கும் இடையே இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. அம்மீட்டர் முள் என்ன சொன்னால் என்ன? ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்தார். இரண்டை ஒன்றாக மாற்றினால் குணமானது எதனால் என்று தெரியாமல் போகும். குணமாகாவிட்டால் குழப்பம் இரண்டு மடங்காகும்.

வேலை முடிந்து பாட்டரியை மீண்டும் மாட்டும்போது இன்னொரு காரியம் செய்தார். வயரை நேராகப் பாட்டரியில் வைக்கவில்லை. இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றை நடுவில் வைத்தார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே கரண்ட் போகும், ஒன்றும் கருகாது. பல்பு எரியவில்லை. அதன் பிறகே நட்டை முறுக்கினார். பத்துப் பதினைந்து ரூபாய் பல்பில் ஒரு வண்டியின் தீ விபத்தைத் தடுக்கலாம் என்பது எந்தக் கல்லூரியிலும் தனிப்பாடமாக இல்லை.

பழைய வண்டிக்காரர்களின் பாடு மட்டும்தான் இது என்று நினைத்துவிடக் கூடாது. கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்ஸியில் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸியின் எஞ்சினை மாற்றிக்கொள்ளும் ஆசை நாடெங்கும் உண்டு. உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் எம்பிஎஃப்ஐ எஞ்சினின் பாதி, இரும்பில் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியிலும் வயரிங் கட்டிலும் சென்சார்களிலும் இருக்கிறது. அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்பும் அதற்கான குழாய்களும் தனி. எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி வந்துவிட்டு, வயரிங் கட்டை வெட்டிப் போட்ட இடத்தைத் தேடி அலைபவர்கள் ஏராளம். வாங்கினால் கம்ப்யூட்டர் பெட்டி, வெட்டுப்படாத வயரிங் கட்டு, திருட்டுத் தடுப்புச் சாதனம் இருந்தால் அதன் சாவி வரை ஒரே வண்டியிலிருந்து வாங்க வேண்டும்.

அங்கும் முதல் எதிரி எர்த்தான். சென்சார்கள் பேசும் மொழி ஐந்து வோல்ட். எர்த்தில் அரை வோல்ட் தொலைந்தால் செல்ஃப் மோட்டார் பொறுத்துக்கொள்ளும். சென்சாருக்கு அது பத்தில் ஒரு பங்குப் பொய். மிதிக்காத ஆக்ஸிலரேட்டரை மிதித்ததாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். வண்டி திக்கும், புகையும். குற்றமற்ற சென்சார்கள் ஒவ்வொன்றாக மாற்றப்படும். பழைய பல்பு டெஸ்ட் லாம்பை அந்த வயர்களில் குத்துவதும் ஆபத்து. பல்பு இழுக்கும் கரண்ட்டே கம்ப்யூட்டர் பெட்டிக்கு விஷமாகலாம். அங்கே டிஜிட்டல் மீட்டர்தான் சரி. மவுண்ட் பற்றவைக்க வெல்டிங் செய்வதென்றால் அதற்கு முன் பாட்டரி, ஆல்டர்னேட்டர், கம்ப்யூட்டர் பெட்டி மூன்றின் வயரையும் கழற்றிவிட வேண்டும். புத்தம்புது ஆல்டர்னேட்டர் முதல் நாளே செத்துக் கிடந்தால் பல சமயம் கொலைகாரன் வெல்டிங்தான்.

இன்னொரு வயரிங்கும் உண்டு. அது காகிதத்தில் ஓடுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பதிவுச் சான்றிதழில் புதிய எஞ்சின் எண் ஏற வேண்டும். தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. "யார் பானெட்டைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்?" என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. விபத்து நடந்தால் முதலில் பானெட்டைத் திறப்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர்தான். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், பயணியின் உயிருக்கான இழப்பீடு உரிமையாளரின் தலையில் விழக்கூடும். பழைய எஞ்சினை விற்றவரிடம் ரசீது வாங்காமல் விடுவதும் அப்படித்தான். அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் கேள்வி வாங்கியவரிடம் வரும்.

அன்று மாலைக்குள் மானேபஞ்சங் வண்டியின் மூன்று கோளாறுகளும் தீர்ந்தன. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு செம்புப் பட்டை. தலைவிளக்குகளிலிருந்து சேசிஸுக்கு நேராக இரண்டு எர்த் வயர்கள். அம்மீட்டரின் இரண்டு வயர்கள் இடமாற்றம். தடித்த வயரும் வோல்ட்மீட்டரும் சீசன் முடிந்ததும் என்று பேச்சு. அதுவரை ராத்திரி ஓட்டம் கூடாது என்பது நிபந்தனை. சூட்டில் உறை வெந்துபோன ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குப் பதில் புதியது. ஏற்கெனவே செலவழித்ததில் சிறு பகுதிகூட இதற்கு ஆகவில்லை. "முதலிலேயே வந்திருக்கக் கூடாதா, பாய்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

டிரைவர்தான் ஒன்று கேட்டார். "மேலே காலிபோக்ரியில் நின்றுவிட்டால் உங்களைக் கூப்பிடச் சிக்னல் கிடைக்காது, தாஜு. எந்த வயர் எங்கே போகிறது என்று எழுதிக் கொடுங்கள்."

எலக்ட்ரீஷியன் சற்றுத் தயங்கினார். அவர் இதுவரை எதையும் எழுதியதில்லை. அந்தப் பகுதியில் அவர் கைபட்ட எத்தனையோ வண்டிகளின் வயரிங்கும் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அவருக்குப் பிறகு அந்த வண்டிகளைத் திறப்பவர்கள் ஒவ்வொரு வயராகப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் முடிந்துபோன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டார். பாட்டரி என்று ஒரு கட்டம் வரைந்தார். அதிலிருந்து முதல் கோடாக அவர் போட்டது செல்ஃபுக்கோ விளக்குக்கோ அல்ல, எர்த்துக்கு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அந்தக் காலண்டர் தாள், பிளாஸ்டிக் உறைக்குள், டேஷ்போர்டின் அடியில் ஒட்டப்பட்டிருந்தது.